பழைய ஃபெர்கூசனுக்கு ஸ்லாஷர் மாட்டும்போது

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டாலில் மழை ஓய்ந்து புல் காயத் தொடங்கிவிட்டது. இனி டிராக்கன்ஸ்பெர்க் மலைப்பக்கமிருந்து சுடுகாற்று இறங்கும். அந்தக் காற்றில் வேலியோரம் ஒரு பொறி விழுந்தால் பக்கத்துக் கரும்புக் காடு வரை போய்விடும். தீ பரவும் ஆபத்துள்ள நிலத்தின் சொந்தக்காரர் எல்லையோரம் தீத்தடுப்புப் பாதை வெட்டி வைக்க வேண்டும் என்று 1998-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அதனால் வெருலம், டொங்காட், இனாண்டா பக்கம் சின்னப் பண்ணை வைத்திருக்கிற நம் ஆட்கள் இந்த மாதங்களில் ஷெட்டில் நிற்கும் பழைய டிராக்டரை வெளியே எடுத்து, பின்னால் ஸ்லாஷர் என்கிற புல்வெட்டும் கருவியை மாட்டிப் புல் அடிக்கிறார்கள்.

அந்தப் பழைய டிராக்டர் பல வீடுகளில் சாம்பல் நிற ஃபெர்கூசன்தான். இங்கே எல்லோரும் ‘ஃபால்யாப்பி’ என்று கூப்பிடுகிற டி.இ. 20. இங்கிலாந்தின் கவென்ட்ரியில் 1946 முதல் 1956 வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். தாத்தா வாங்கியதைப் பேரன் ஓட்டுகிற குடும்பங்கள் உண்டு. நல்ல வண்டி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இன்றைய ஸ்லாஷரை அப்படியே கொண்டுபோய் அதில் மாட்டக் கூடாது. ஏன் என்பதைத்தான் இன்று விளக்கமாகச் சொல்ல வந்தேன்.

இந்த வண்டியில் பி.டி.ஓ. தண்டு, அதாவது பின்னால் கருவியைச் சுற்றவைக்கும் தண்டு, கியர்பாக்ஸோடு சேர்ந்தே ஓடுகிறது. தனி கிளட்ச் கிடையாது. ஸ்லாஷரின் அடியில் கனமான இரும்பும் கத்திகளும் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். வண்டியை நிறுத்த நீங்கள் கிளட்சை மிதிக்கிறீர்கள். எஞ்சின் பிரிந்துவிடும், சரி. ஆனால் சுற்றுகிற கத்திகள் உடனே நிற்காது. அந்த வேகம் தண்டு வழியாகத் திரும்பி வந்து, கியர்பாக்ஸைச் சுற்றி, சக்கரத்தைத் தள்ளும். கிளட்ச் முழுக்க மிதித்திருக்கும்போதே வண்டி முன்னால் போய்க்கொண்டே இருக்கும்! எதிரே வேலி இருந்தால் வேலி. ஓடைக்கரை இருந்தால் ஓடை. கதவைத் திறந்து விட ஒரு பிள்ளை நின்றால்? அதனால்தான் இதை ரேடியோவில் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு மருந்து ஓவர்ரன் கிளட்ச் என்ற ஒரு சின்ன இரும்புத் துண்டு. சைக்கிள் பின்சக்கரத்து ஃப்ரீவீல் மாதிரிதான்: டிராக்டர் ஸ்லாஷரைச் சுற்றலாம், ஸ்லாஷர் டிராக்டரைச் சுற்ற முடியாது. டிராக்டர் தண்டின் மேல் மாட்டி, அதன் மேல் ஸ்லாஷரின் சாஃப்டை மாட்ட வேண்டும். இன்னொரு சௌகரியமும் உண்டு. ஃபெர்கூசனின் பழைய தண்டு ஒன்றேகால் அங்குலத்துக்கும் குறைவு, சரியாகச் சொன்னால் 1 1/8 அங்குலம். இப்போதைய ஸ்லாஷர் சாஃப்டெல்லாம் 1 3/8 அங்குலத்துக்குச் செய்தவை. இரண்டு அளவையும் சேர்த்துவைக்கிற ஓவர்ரன் கிளட்சே கடையில் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். புது ஸ்லாஷர் விலைக்கு முன்னால் இது சின்னச் செலவு. இதற்குக் காசில்லை என்றால் அந்த வருஷம் புல்லை ஆள் வைத்து வெட்டுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

மாஸி ஃபெர்கூசன் 135 வைத்திருப்பவர்கள் கேட்பார்கள், எங்கள் வண்டிக்கும் வேண்டுமா என்று. சில 135-களில் இரண்டு படி கிளட்ச் இருக்கும். பாதி மிதித்தால் வண்டி நிற்கும், பி.டி.ஓ. சுற்றிக்கொண்டே இருக்கும். அப்படி இருந்தால் இந்தத் தள்ளல் வராது. பாதி மிதியில் இரண்டும் சேர்ந்து நின்றால் உங்களுக்கும் வேண்டும்.

அப்புறம் சாஃப்டின் நீளம். ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீண்டு சுருங்கும் இரண்டு குழாய்கள்தான் இந்த சாஃப்ட். ஓவர்ரன் கிளட்ச் போட்டதும் இடைவெளி குறைந்துவிடும். பழைய நீளத்திலேயே மாட்டினால், ஸ்லாஷரைத் தூக்கும்போது இரண்டு குழாயும் முட்டி, கியர்பாக்ஸைக் குத்தும். பேரிங், ஹவுசிங் எல்லாம் போய்விடும். ஸ்லாஷரை டிராக்டரின் பின்னால் உள்ள மூன்று இணைப்புப் புள்ளியிலும் மாட்டி, மேலும் கீழும் நகர்த்தி, எந்த உயரத்தில் இடைவெளி மிகக் குறைவு என்று பாருங்கள். பெரும்பாலும் சாஃப்ட் நேர்கோட்டில் வரும் இடம்தான் அது. ஒவ்வொரு உயரத்திலும் எஞ்சினை அணைத்து, அடியில் மரக்கட்டை வைத்த பிறகே அளக்க வேண்டும். அந்த இடத்திலும் ஒரு அங்குலமாவது இடம் மிச்சம் இருக்கும்படி வெட்டுங்கள். உள்குழாய், வெளிக்குழாய், மேலே உள்ள பிளாஸ்டிக் உறை எல்லாவற்றிலும் ஒரே அளவு வெட்ட வேண்டும். மிக நீண்ட நிலையில் குழாய்கள் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்கட்டும். அந்த உறையைத் தொந்தரவு என்று கழற்றிப் போடுபவர்கள் உண்டு. தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று. சேலை முந்தானையோ சட்டைக் கையோ சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரமே இருக்காது.

டி.இ. 20-இல் கருவியைத் தூக்கும் ஹைட்ராலிக் பம்பும் பி.டி.ஓ.வால்தான் ஓடுகிறது. ஸ்லாஷரைத் தூக்க வேண்டுமென்றால் பி.டி.ஓ. ஓட வேண்டும், அப்போது கத்தியும் சுற்றும். ஆகவே தூக்கிய ஸ்லாஷரின் பக்கத்தில் யாரையும் நிற்க விடாதீர்கள். உயரத்தைப் பிடித்து நிறுத்தும் வசதியும் டி.இ. 20-இல் இல்லை. டாப் லிங்க், அதாவது மேல் இணைப்புக் கம்பி, மாட்டியிருக்கும் முளையிலிருந்து இரண்டு பக்கமும் சங்கிலி கட்டி, வெட்டும் உயரத்தை அதில் தாங்க வையுங்கள். முன்பக்கம் பின்பக்கத்தைவிட ஓர் அங்குலம் வரை தாழ்வாக இருந்தால் வெட்டு சுத்தமாக இருக்கும், எஞ்சினும் திணறாது. இந்த வண்டிக்கு 4 அடி ஸ்லாஷர் போதும். மலிவாகக் கிடைக்கிறது என்று 5 அடியை வாங்கினால் சின்ன எஞ்சின் தடுமாறும், பின்பாரம் முன்சக்கரத்தைத் தூக்கும், நம் மேட்டு நிலத்தில் ஸ்டியரிங் பிடிக்காது. 4 அடி போட்டாலும் முன்னால் எடைக்கட்டி கட்டிக்கொள்வது நல்லது.

ஷியர் போல்ட் உடைந்தால் அதே தரத்தில் இன்னொன்று போடுங்கள், கையில் கிடைத்த கெட்டி போல்ட்டைப் போடாதீர்கள். உடைவதற்காகத்தான் அது இருக்கிறது. கல்லில் கத்தி மோதும்போது அது உடையாவிட்டால் ஸ்லாஷரின் கியர்பாக்ஸ் உடையும். புது ஸ்லாஷர் சில சமயம் கியர்பாக்ஸில் எண்ணெய் இல்லாமலே வரும். மூடியைத் திறந்து பார்த்து 90-ஆம் எண் கியர் ஆயில் ஊற்றுங்கள்.

எல்லாம் மாட்டியதும் திறந்த வெளியில், ஆளில்லாத இடத்தில், முதல் கியரில் மெதுவாக ஓட்டி, கத்தி சுற்றும்போதே கிளட்சை மிதித்துப் பாருங்கள். வண்டி நின்று, பின்னால் கத்தி மட்டும் சுற்றிச் சுற்றி ஓய்ந்தால் ஓவர்ரன் கிளட்ச் வேலை செய்கிறது. வண்டி கொஞ்சமாவது முன்னால் தள்ளினால் எஞ்சினை அணைத்துவிட்டு, ஓவர்ரன் கிளட்சைக் கழற்றிக் கடைக்கே திருப்பிக் கொண்டுபோங்கள். நன்றி, வணக்கம்.