பாயும் குடுங்க, பேரும் நெய்யுங்க

நடுவர் அண்ணாச்சிக்கும், பாளையங்கோட்டைப் பெரியவங்களுக்கும், முன்வரிசையில சுண்டலோட உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கும் வணக்கம். எட்டு நிமிஷம்னு சொல்லி மேடையேத்தி விட்டிருக்காக. மிச்ச வணக்கத்தை இறங்கும்போது சொல்லுதேன்.

தலைப்பு, 'பரிசாகக் குடுக்கச் சிறந்தது கதைப் புத்தகமா, கதையில்லாத புத்தகமா?' நான் கதையில்லாத கட்சி. எங்க சரக்குக்கு 'அபுனைவு'ன்னு ஒரு பேரு வச்சிருக்காக. கேட்டாலே வயித்துவலிக்கு எழுதிக் குடுத்த மாத்திரை மாதிரி இருக்கு. பேருலயே பாதி தோத்துட்டோம், அது எங்களுக்கும் தெரியும்.

எதிரணி அண்ணாச்சி இப்பத்தான் பேசிட்டு உட்கார்ந்தாக. கதைன்னா கண்ணீர் வரும், கற்பனை வளரும்னாக. சரி, வளரட்டும். கடைசியா ஒண்ணு போட்டாக பாருங்க. "கட்டுரைப் புத்தகத்தைப் பரிசாக் குடுக்கவங்க கூடவே ஒரு பத்தமடைப் பாயையும் குடுத்துருங்க. பாயை விரிச்சு, புத்தகத்தைத் தலைக்கு வச்சா சொகமாத் தூங்கலாம்." நீங்க எல்லாரும் கை தட்டுனீக. நானும்தான் தட்டுனேன். நல்லா இருந்துச்சுலா?

ஆனா அண்ணாச்சி, வாய் குடுத்ததுதான் குடுத்தீக, வேற எந்தப் பாயையாவது சொல்லியிருக்கக் கூடாதா? பத்தமடைப் பாயைப் போய் இழுத்துட்டீகளே! அந்தப் பாயை வச்சே உங்களைச் சுருட்டப் போறேன்.

அந்தப் பாய் எப்படி உருவாகுது? கோரையை அறுத்துக் காயப்போடணும். பெறவு தண்ணியில நாள்கணக்கா ஊறப்போடணும். ஊறினதை ஒவ்வொண்ணா எடுத்துக் கத்தியால கிழிச்சு, உள்ள பஞ்சு மாதிரி இருக்கிற சோத்தைத் தள்ளிட்டு, தோலை மட்டும் நூல் மாதிரி பிரிக்கணும். பருத்தி நூலைப் பாவா இழுத்துக் கட்டி, கோரையை ஊடையாக் கோத்து நெய்யணும். மெல்லிசுப் பாய்க்கு வாரக்கணக்கு ஆகும். அதுல கல்யாணப் பாய்னு ஒண்ணு உண்டு. பொண்ணு பேரு, மாப்பிள்ளை பேரு, கல்யாணத் தேதி எல்லாம் பாயிலயே நெய்திருக்கும். வெலையும் நீளமும் அப்புறம். அந்தப் பாய்க்குச் சொல்லப் போனா மொதக் கேள்வி, "யாருக்கு? பேரு என்ன?"

இதுதான் எங்க கட்சி. கதைப் புத்தகம் கடைப் பாய். யாரு வேணும்னாலும் படுக்கலாம், நான் மறுக்கலை. கட்டுரைப் புத்தகம் பேரு நெய்த பாய். பேரு தெரியாமக் குடுத்தா, வாங்கினவரு என்ன செய்வாரு? அண்ணாச்சி சொன்ன மாதிரி தலைக்குத்தான் வைப்பாரு. தப்பு புத்தகத்துல இல்லை, பேரு கேக்காம வாங்கிட்டுப் போனவரு மேல.

பேரை எப்படிக் கண்டுபிடிக்கது? "உங்களுக்கு என்ன புத்தகம் பிடிக்கும்"னு நேரா கேக்காதீக. எல்லாரும் திருக்குறள்னுதான் சொல்லுவாக. காலையில டீக்கடையில அவரு பேப்பர்ல எந்தப் பக்கத்தை மொதல்ல பிரிக்காருன்னு பாருங்க. பஸ்ல எதைப் பாத்தா ஜன்னல் பக்கம் தலை திரும்புதுன்னு பாருங்க. யாருகூட, எதுக்காகச் சண்டை போடுதாருன்னு பாருங்க.

ஊரைப் பத்திச் சண்டை போடுறவரா? ரா.பி. சேதுப்பிள்ளையோட 'ஊரும் பேரும்' குடுங்க. 1946-ல வந்தது. குடி, குளம், பட்டின்னு ஊர்ப் பேருக்கெல்லாம் காரணம் சொல்லுத புத்தகம். எழுதினவரு இந்தா இருக்கிற ராஜவல்லிபுரத்துக்காரரு. அதைக் கையில வாங்கினவரு மொதல்ல எந்தப் பக்கத்தைத் திருப்புவாரு? தன் ஊரு இருக்கான்னு தேடுவாரு. இல்லைன்னா சேதுப்பிள்ளைகூடவும் சண்டைதான். அதுவும் வாசிப்புத்தானே!

அரசியல் பேசாம டீ இறங்காத அண்ணாச்சி இருக்காகளா? ஆ.இரா. வேங்கடாசலபதி எழுதின 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908'. 2024-க்கான சாகித்திய அகாதெமி விருது வாங்கின நூல். மார்ச் 12-ம் தேதி வ.உ.சி.யைக் கைது செய்தாக. மறுநாள் திருநெல்வேலி கொந்தளிச்சு எழுந்துச்சு. துப்பாக்கிச் சூட்டுல நாலு பேரு செத்தாக. நாம தெனமும் நடக்கிற தெருவுல நடந்தது இது. இதைத் தலைக்கு வச்சுத் தூங்க முடியுமாவே?

கூந்தன்குளத்துக்குப் பறவை பாக்கப் போறேன்னு பைனாகுலரோட அலையிற பிள்ளைக்கு மா. கிருஷ்ணனோட 'மழைக்காலமும் குயிலோசையும்'. அவரும் 1912-ல திருநெல்வேலியில பிறந்தவருதான். புதுசா வேலைக்குச் சேர்ந்த டீச்சருக்கு 'டோட்டோ சான்'. பழைய ரயில் பெட்டியையே வகுப்பறையாக்கின டோக்கியோ பள்ளிக்கூடம் அதுல வரும். நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடு, காசும் கம்மி.

'கதைதான் படிப்பேன்'னு ஒத்தக்கால்ல நிக்கிறவங்களுக்கும் எங்ககிட்ட ஒண்ணு இருக்கு. உ.வே.சா.வோட 'என் சரித்திரம்'. 1880-ல கும்பகோணத்துல சேலம் இராமசுவாமி முதலியாரைப் பாக்கப் போறாரு. என்னென்ன படிச்சிருக்கீருன்னு முதலியார் கேக்காரு. இவரு அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலான்னு அடுக்குதாரு. முதலியார் முகத்துல ஒரு அசைவும் இல்லை. 'சிந்தாமணி படிச்சிருக்கீரா'ன்னு கேக்காரு. அங்கதான் மாட்டிக்கிட்டாரு. அப்புறம் அந்த முதலியாரே ஒரு பிரதியைத் தந்து படிக்கச் சொல்ல, 1887-ல சிந்தாமணி அச்சுல வந்துச்சு. "சிந்தாமணி கதைதானவே"ன்னு எதிரணியில முணுமுணுக்காக, கேக்குது. ஆமா, கதைதான். ஆனா அந்தக் கதை நம்ம கைக்கு வந்த கதையைச் சொல்லுதது எங்க கட்சிப் புத்தகம்லா!

தப்பாக் குடுத்தா என்ன ஆகும்? இங்கதான் எல்லாரும் சறுக்குதாக. டவுன் பக்கம் ஒரு வீட்டுல நடந்ததாச் சொல்லுவாக. ரத வீதின்னு வச்சுக்கிடுங்க, எந்த ரத வீதின்னு கேக்காதீக. வீட்டுல அறுபதாம் கல்யாணம். புது மருமக நல்லாப் படிக்கிற பிள்ளை. மாமியாருக்கு ஒரு புத்தகம் வாங்கி, சரிகைத் தாள் சுத்தி, பந்தியெல்லாம் முடிஞ்சு எல்லாரும் கூடத்துல உட்கார்ந்திருக்கையில குடுத்தா. அத்தை பிரிச்சாக. கண்ணாடி இல்லாததுனால நாத்தனாரு தலைப்பை வாசிச்சாக. சத்தமா வாசிச்சாக. அது கோபத்தைக் குறைக்கதுக்கு வழி சொல்லுத புத்தகம்!

கூடத்துல ஒரு சத்தம் இல்லை. பாயசம் ஊத்திக்கிட்டிருந்த கரண்டி அப்படியே நிக்கி. மாமனாரு, அறுபது வருஷமாச் சிரிக்காத மனுசன், துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கிட்டாரு. அத்தைக்குக் கோபம் வரணும்லா? வரலை. புத்தகத்தைத் தடவிப் பாத்துட்டு, "நல்ல புத்தகம்ளா. நீ படிச்சு முடிச்சிட்டியா?"ன்னாக.

பின்வரிசைக்குக் கேக்கலையாம், திரும்பச் சொல்லுதேன். "நீ படிச்சு முடிச்சிட்டியா?" அம்புட்டுத்தான். அதோட விட்டாகளா? பொங்கலுக்கு மருமகளுக்கு அத்தை பதில் பரிசு குடுத்தாக. அதுவும் புத்தகந்தான். சமையல் புத்தகம். உள்ள ஒரு பக்கத்துல அடையாளத்துக்கு மயிலிறகு. எந்தப் பக்கம்? ரசம்! அதுக்கப்புறம் அந்த வீட்டுல தீபாவளிக்கு எல்லாரும் துணிதான் எடுத்துக் குடுக்காக.

சிரிக்கீக. ஆனா அதே சமையல் புத்தகத்தை வேற கையால குடுத்துப் பாருங்க. மீனாட்சி அம்மாள் எழுதின 'சமைத்துப் பார்' 1951-ல வந்தது. கட்டிக் குடுத்த பொண்ணுக்கு அம்மா பெட்டியில வச்சு அனுப்புத புத்தகம் அது. அம்மா வச்சா சீரு, மாமியா வச்சா போரு! புத்தகம் ஒண்ணுதான். ஒண்ணு பாசத்துக்குக் குடுத்தது, இன்னொண்ணு குறைக்குக் குடுத்தது. ஆகையினால அண்ணாச்சிமாரே, குறைக்குக் குடுக்காதீக, கிறுக்குக்குக் குடுங்க. சர்க்கரை வியாதிக்காரருக்குச் சர்க்கரை வியாதிப் புத்தகம் வேண்டாம், அதை டாக்டரு பாத்துக்கிடுவாரு. அவருக்குப் பழைய பாட்டுக் கிறுக்கு இருந்தா நா. வானமாமலை தொகுத்த நாட்டுப்பாடல் புத்தகத்தைக் குடுங்க. குண்டா இருக்கிற பிள்ளைக்கு உடம்பு இளைக்க வழி சொல்லுத புத்தகம் குடுத்தீகன்னா, அது அடுத்த வருஷமும் உங்க வீட்டு வாசலை மிதிக்காது.

கிறுக்குக்குக் குடுத்தாலும் ஒரு எச்சரிக்கை உண்டு. விவசாயத்துல கிறுக்கு உள்ளவருக்கு ஃபுகோகாவோட 'ஒற்றை வைக்கோல் புரட்சி'யைக் குடுக்காக. அருமையான நூல். உழாம, வெதையைத் தூவி, வைக்கோலைப் பரப்பி வெளைய வச்ச ஜப்பான்காரரு. ஆனா காரு, பிசானம்னு ரெண்டு போகம் நெல்லு பாத்துப் பழகினவருகிட்ட, 'இதைப் படிச்சு நாளைக்கே வயல்ல இறங்கும்'னு நீட்டுனா, "எங்க வயல்ல கோரை மண்டுதே, அதுக்கு உம்ம ஜப்பான்காரரு வந்து பதில் சொல்லுவாராவே?"ன்னு கேப்பாரு. அவரு மண்ணு வேற, மழை வேற. செய்முறைப் புத்தகமாக் குடுக்காதீக, யோசிக்கிற புத்தகமாக் குடுங்க. கோரை பத்தமடைக்குப் போனா பாயி, நம்ம வயல்ல நின்னா களை. பரிசுப் புத்தகமும் அப்படித்தான்.

நடுவர் அண்ணாச்சி கடிகாரத்தைப் பாக்காக. கடையில செய்ய வேண்டியதை வேகமாச் சொல்லிருதேன். அனேகமா பதினாறு பதினாறு பக்கமா, ஃபாரம் ஃபாரமாத்தான் அச்சடிச்சு மடிக்காக. தைக்கும்போது ஒரு ஃபாரம் விட்டுப் போகும், இல்லைன்னா தலைகீழாப் போகும். அதனால பக்க எண்ணை ஓட்டிப் பாருங்க. 32-க்கு அப்புறம் 49 வந்துச்சுன்னா அங்கனயே மாத்திருங்க. நடுவுல விரிச்சு லேசா அமுக்கிப் பாருங்க, பசை வெடிச்சா தாளு உதிரும். அறுபது தாண்டினவருக்கு வாங்கினா எழுத்து அளவைப் பாருங்க. தடிப் புத்தகமா இருந்தா, படுத்துக்கிட்டுப் படிக்கிறவரு மூக்குல விழும். மொழிபெயர்ப்பா இருந்தா ஏதாவது ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசிங்க. நாக்கு மூணு எடத்துல தடுக்குச்சுன்னா பைய அலமாரியிலயே வச்சுருங்க. வாழ்த்தைப் புத்தகத்துல எழுதாதீக, தனி அட்டையில எழுதி உள்ள வைங்க, பில்லையும் சேர்த்து. அவருகிட்ட ஏற்கெனவே அந்தப் புத்தகம் இருந்தா மாத்திக்கிடலாம்லா. 'அன்புடன்'னு பேனாவால எழுதினதைக் கடைக்காரரு திரும்ப வாங்க மாட்டாரு.

இதுக்கெல்லாம் எதிரணியில பதில் வச்சிருப்பாக. இனி சொல்லப் போறதுக்குப் பதில் வேண்டாம், கேட்டா போதும்.

தொ. பரமசிவன் ஐயா எழுதின 'அறியப்படாத தமிழகம்' சின்னப் புத்தகம். உப்பு, எண்ணெய், சோறுன்னு நம்ம அடுப்படியில கிடக்கிறதையெல்லாம் வரலாறா எழுதியிருப்பாக. மானூர்ப் பக்கம் ஒரு பேரன் முதல் சம்பளத்துல அதை வாங்கி ஆச்சிக்குக் குடுத்தான். ஆச்சிக்கு எழுத்து தெரியாது. "ஏல, எனக்கு எதுக்குல பொஸ்தகம்?"னு கேட்டாக. "நீ சும்மா உட்காரு, நான் வாசிக்கேன்"னான். உப்பைப் பத்தி வாசிச்சான். ஆச்சி கொஞ்ச நேரம் கேட்டாக. "உப்பைக் கைக்குக் கை குடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கா?"ன்னாக. "இந்தப் பக்கத்துல இல்லை ஆச்சி." "அப்ப எழுதிக்கோ."

ஓரத்துல பென்சிலால எழுதினான். மறுநாள் எண்ணெய். ஆச்சி செக்கடிக்குப் போன கதை, தாத்தா செத்த வருஷம் தலைக்கு எண்ணெய் வைக்காம இருந்தது, எல்லாம் ஓரத்துல ஏறுச்சு. புத்தகம் முடிய ரெண்டு நாள் போதும். அவனுக்கு ரெண்டு மழைக்காலம் ஆச்சு. ஓரம் பத்தாமத் துண்டுத்தாள் ஒட்டினான். மூணாவது மழைக்காலத்துக்கு ஆச்சி இல்லை.

இதுக்கும் தலைப்புக்கும் என்ன சம்பந்தம்னு நடுவர் குறிச்சுக்கிட்டாலும் குறிச்சுக்கிடட்டும். மார்க்கைக் கழிச்சாலும் சரி. அந்தப் பேரன் தங்கச்சிக்குக் கல்யாணம் வந்துச்சு. கடைக்குப் போனான், அதே புத்தகம் இன்னொண்ணு கேட்டான். கடைக்காரரு எடுத்து நீட்டுனாரு. இவன் உள்ள விரிச்சு, ஓரத்தை விரலால அளந்து பாத்துட்டு, "அண்ணாச்சி, ஓரம் இன்னும் அகலமா உள்ள பதிப்பு இருக்கா? பழசுல இருக்கிறதை எல்லாம் இதுல எழுதணும்"னான்.

மணி அடிச்சிட்டாக. பாக்கி வச்ச வணக்கம், இந்தாங்க.