வெயில் எனக்குச் சொந்தம் என்று நினைத்திருந்தேன்

வணக்கம் நேயர்களே. விளையாட்டைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசுங்கள் என்று என்னை அழைத்தார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பரிசு வாங்கிய ஆள் கிடையாது. மலேசியாவில், நெகிரி செம்பிலான் மாநிலத்து ரந்தாவில் குடியிருக்கிறேன். சிரம்பானில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். வயது 47. ஐந்து வருஷமாக டிரையத்லான் போட்டிகளுக்குப் போய்வருகிறேன். ஒரு தடவை என்னைக் கூடாரத்தில் படுக்கப்போட்டு மேலெல்லாம் ஐஸ் வைத்தார்கள். அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

டிரையத்லான் என்பது கடலில் நீந்தி, கரையேறி, ஈரம் காய்வதற்குள் சைக்கிள் ஏறி, அதை மாட்டி வைத்துவிட்டு ஓடுவது. இடையில் கடிகாரம் நிற்காது. சப்பாத்து மாட்டுகிற நேரமும் கணக்கில் சேரும். நான் போவது ஒலிம்பிக் தூரம். 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். 2000-ஆம் ஆண்டு சிட்னியில்தான் இது முதன்முதலாக ஒலிம்பிக்கில் நுழைந்தது. லங்காவியில் நடக்கிற அயர்ன்மேன் போட்டி இதற்குப் பெரியண்ணன். 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதற்குப் பிறகு ஒரு முழு மராத்தான். அந்தப் பக்கம் நான் போகவில்லை. இதற்கே பல நூறு வெள்ளி, அதாவது ரிங்கிட், கட்டிப் பெயர் கொடுக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னபோது, "ஓடுறதும் நீ, காசு குடுக்கிறதும் நீயா?" என்றார். இன்றுவரை அதற்குப் பதில் தெரியவில்லை.

அம்மா பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். ரந்தாவிலிருந்து சிலியாவ் போகிற வழியில் இன்று செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, நிற்கிற இடங்களில் பலவும் அப்போது ரப்பர் காடு. விடியுமுன்னே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. தலையில் விளக்கு, கையில் வெட்டுக்கத்தி, முழுக்கைச் சட்டை, அதன்மேல் இன்னொரு பழைய சட்டை. இருட்டிலேயே ஏன் போகிறார்கள் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "வெயில் ஏறுனா மரம் பால் தராதுடா" என்பார். பிறகு படித்துப் பார்த்தேன், சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். விடியற்காலையில் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம். வெட்டிய கோட்டில் பால் தளதளவென்று இறங்கும். வெயில் ஏற ஏற இலைகள் வழியாக நீர் போய்விடும், அழுத்தம் இறங்கும், பால் சொட்டுவது குறையும். மனுஷ உடம்பும் ஏறக்குறைய அப்படித்தான் என்று தெரிந்துகொள்ள நான் ஒரு தடவை விழ வேண்டியிருந்தது.

முதல் போட்டி போர்ட்டிக்சன் கடற்கரையில். எங்கள் ஊரிலிருந்து லுக்குட் வழியாகக் காரில் போனால் சுமார் அரை மணி நேரம். வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். ஒரு வெள்ளைக்காரர் தோளெல்லாம் சிவந்துபோய் நின்றார். பாவம், வெயிலில் வாடப்போகிறார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். நாம்தான் தோட்டத்துப் பிள்ளையாயிற்றே. வெயில் நம் சொத்து.

ஏழரைக்கு விசில். கடல் தண்ணீர் 30 டிகிரிக்குப் பக்கத்தில், குளித்துவிட்டு மிச்சம் வைத்த வெந்நீர் மாதிரி. குளிர்நாட்டுக்காரர்கள் நீந்தும்போது போட்டுக்கொள்கிற ரப்பர் உடுப்புக்கு இங்கே வேலையில்லை. அதுவும் பெரும்பாலும் செயற்கை ரப்பர்தான், நம் பால் மரத்துப் பால் இல்லை. நீந்தி முடித்துச் சைக்கிள் ஏறினேன். சைக்கிளில் எல்லாம் சுகம். மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காற்று உடம்பைத் துடைத்துக்கொண்டே இருக்கும். வியர்ப்பதே தெரியாது. வியர்வை தெரியாததால் குடிக்கவும் தோன்றவில்லை. இரண்டு போத்தல் கட்டிக்கொண்டு போனேன், ஒன்றரைப் போத்தல் திரும்பி வந்தது.

ஒன்பதே முக்காலுக்கு ஓட ஆரம்பித்தேன். காற்று நின்றுபோனது. அடுப்படிக் கதவைத் திறந்த மாதிரி முகத்தில் ஒரு அனல்.

இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். தசை வேலை செய்யும்போது அது எரிக்கிற சக்தியில் கால்வாசிதான் கால்களை நகர்த்தும். மிச்சமெல்லாம் சூடு. அந்தச் சூட்டை வெளியே தள்ள உடம்புக்கு இருக்கிற பெரிய வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை தோலில் முழுசாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி சூட்டைக் கொண்டுபோய்விடும். ஆவியாக வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். தரையில் சொட்டுகிற வியர்வையால் ஒரு பிரயோசனமும் இல்லை. நம் நாட்டில் காற்றே ஈரம். துணியே காயாத ஊரில் வியர்வை எப்படிக் காயும்? அதனால்தான் பாலைவனத்தில் இதைவிட அதிக டிகிரியில் ஓடுகிறவர்கூட இங்கே வந்து திணறுகிறார்.

நாலாவது கிலோமீட்டரில் கையைப் பார்த்தேன். மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றது. அந்த வெயிலில் எனக்குக் குளிர்ந்தது. ஆகா, உடம்பு பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அது எச்சரிக்கை மணி என்பது அப்போது தெரியாது. ஆறாவது கிலோமீட்டரில் சாலையின் வெள்ளைக்கோடு இரண்டாகத் தெரிந்தது. ஏழாவதில் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று சொன்னார்கள். எனக்கு நினைவில்லை.

கூடாரத்தில் ஒரு மலாய்க்காரத் தங்கச்சி குனிந்து, வீடு எங்கே என்று மலாயில் கேட்டார். நான் தெளிவாக, சத்தமாக, "ரெண்டாவது டிவிஷன் லயம்" என்றேன். அந்த லயத்தை, தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளை, இடித்து இருபது வருஷம் இருக்கும். அவர் உடனே இன்னொருவரைக் கூப்பிட்டார். கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் துண்டு, தலையில் தண்ணீர், காலைத் தூக்கி ஒரு பெட்டியின்மேல் வைத்தார்கள். இருபது நிமிடத்தில் ஆள் தெளிந்தேன். அந்தச் சிவந்த தோள் வெள்ளைக்காரர் பதக்கத்தை மாட்டிக்கொண்டு வாழைப்பழம் தின்றபடி கூடாரத்தைத் தாண்டிப் போனார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "நம்ம ரத்தத்துலேயே வெயில் இருக்குன்னு நெனச்சேம்மா" என்றேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "வெயில்ல நின்னது நானு. நீ எங்கடா நின்ன? படிச்ச, அப்புறம் ஏர்கான்ல ஒக்காந்த."

உண்மைதான். காரில் ஏர்கான், அலுவலகத்தில் ஏர்கான், படுக்கையறையில் ஏர்கான். ஒரு நாளில் நான் வெயிலில் நிற்பது கார் நிறுத்துகிற இடத்திலிருந்து வாசல்வரை. பயிற்சிகூட விடிவதற்குள் முடிந்துவிடும். வெயிலைத் தாங்குகிற சக்தியை யாரும் பெற்றோரிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. பத்திலிருந்து பதினான்கு நாள் சூட்டில் வேலை செய்தால் உடம்பு மாறும். ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே கிளம்பும், வியர்வையில் உப்பு குறையும், அதே வேகத்துக்கு இதயத்துடிப்பு இறங்கும். விட்டுவிட்டால் சில வாரங்களில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அம்மா முப்பது வருஷம் அதைத் தினமும் புதுப்பித்துக்கொண்டே இருந்திருக்கிறார். நான் வாய்ப்பேச்சில் மட்டும்.

டோக்கியோ ஒலிம்பிக்கில், அதாவது 2021-இல், ஆண்கள் டிரையத்லானை வெயிலுக்குப் பயந்து காலை ஆறரைக்கே தொடங்கினார்கள். மராத்தானையோ சப்போரோவுக்கே தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த டிரையத்லானில் தங்கம் வாங்கியவர் கிறிஸ்டியன் புளும்மன்ஃபெல்ட், நார்வேக்காரர். பனி பெய்கிற நாடு. கோட்டைத் தாண்டியதும் தரையில் விழுந்து வாந்தியெடுத்தார், ஆனால் தாண்டிவிட்டார். 2016-இல் மெக்சிகோவின் கோசுமெலில் நடந்த டிரையத்லானைப் பலர் பார்த்திருப்பீர்கள். முன்னணியில் வந்துகொண்டிருந்த பிரிட்டன்காரர் ஜானி பிரவுன்லிக்குக் கடைசிச் சில நூறு மீட்டரில் கால் பின்னியது. பின்னால் வந்த அண்ணன் அலிஸ்டர், தன் போட்டியை விட்டுவிட்டுத் தம்பியைத் தோளில் சாய்த்து இழுத்துவந்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டார். இருவரும் ஒலிம்பிக் பதக்கக்காரர்கள். அந்த வீடியோவை நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அண்ணனை விட்டுவிட்டு ஜானியின் கால்களைத்தான் பார்க்கிறேன். எனக்கும் அப்படித்தான் ஆடியிருக்கும்.

சரி, பிறகு என்ன செய்தேன்? அடுத்த போட்டிக்கு இரண்டு வாரம் முன்பிருந்து காரில் ஏர்கானை நிறுத்தினேன். சாயங்காலம் ஐந்து மணி வெயிலில் திடலைச் சுற்றி மெதுவோட்டம். படுக்கையறை ஏர்கானையும் நிறுத்தலாம் என்றேன். "தாராளமா நிறுத்துங்க, நான் எங்கம்மா வீட்டுல இருக்கேன்" என்றார் மனைவி. அது நிற்கவில்லை.

ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் 1.1 கிலோ குறைந்திருந்தது. இடையில் அரை லிட்டர் குடித்திருந்தேன். ஆக, மணிக்கு 1.6 லிட்டர் போகிறது. அம்மாவின் ஞாபகத்தில் பழைய சோற்றுக் கஞ்சியில் உப்புப் போட்டுச் சைக்கிள் போத்தலில் ஊற்றிப் பார்த்தேன். மாவுச்சத்து, உப்பு, தண்ணீர், கடையில் காசு கொடுத்து வாங்குவதில் இருப்பதும் அதுதானே. சிலியாவ் தாண்டுவதற்குள் ஒரு சோற்றுப் பருக்கை போத்தல் வாயை அடைத்துக்கொண்டது. பலமாக அமுக்கினேன். மூடி கழன்று, கஞ்சி முழுவதும் என் மூக்குக்கண்ணாடியில். அந்தப் போத்தலில் வாசம் போக மூன்று வாரம் ஆனது. இப்போது வடிகட்டிக் குடிக்கிறேன், ஆனால் வீட்டில் வைத்து.

இரண்டாவது போட்டியில் இன்னொரு கூத்து. குடிக்காமல் விழுந்தவன் அல்லவா, இந்த முறை ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் இரண்டு கப் வெறும் தண்ணீர். வயிறு குடம்போல் ஆடியது. விரல் வீங்கி மோதிரம் கழலவில்லை, தலை வலித்தது. வீட்டில் எடை பார்த்தால் போட்டிக்கு முன் இருந்ததைவிட 600 கிராம் கூடுதல். ஓடி முடித்தவன் எடை கூடக்கூடாது. தேவைக்கு மேல் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், முற்றினால் உயிருக்கே ஆபத்து. வெயில் என்றால் குடி, குடி என்று சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

மூன்றாவது போட்டியில் இதயத்துடிப்பு மணிக்கட்டுக் கடிகாரத்தில் 150-ஐத் தாண்டினால் நடப்பது என்று முடிவு செய்தேன். தொப்பிக்குள் ஐஸ் கொட்டி மாட்டிக்கொண்டேன். உருகி முதுகில் இறங்கும் ஒவ்வொரு சொட்டும் எங்கே போகிறது என்று தெரியும். ஒவ்வொரு மேசையிலும் நின்று, கொஞ்சம் குடித்து, மிச்சத்தைத் தலையில் ஊற்றினேன். எழுபது வயது சீனத் தாத்தா ஒருவர் கைகாட்டிவிட்டு என்னைக் கடந்து போனார். விட்டுவிட்டேன். 3 மணி 28 நிமிடம். மெதுவான நேரம்தான். ஆனால் கோட்டில் நின்றபோது என் முகவரி எனக்குத் தெரிந்தது.

அம்மா ஒருநாள் சொன்னது. பக்கத்து நிரையில் ஒரு அக்கா மயங்கி விழுந்து கன்னாபின்னாவென்று பேசினாராம். ஆஸ்பத்திரிக்கு லாரி வரும்வரை சும்மா நிற்காமல், பால் வாளியைக் கழுவி ஓடைத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினார்களாம். அந்த அக்கா பிழைத்தார். இன்று மருத்துவர்கள் சொல்வதும் அதே வரிசைதான். வெயிலில் ஒருவர் குழம்பிப் பேசினால் ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள், அது வரும்வரை காத்திருக்காமல் அங்கேயே தண்ணீர், ஐஸ், கிடைத்ததை வைத்து உடம்பைக் குளிர வையுங்கள். உள்சூடு 40 டிகிரியைத் தாண்டியவருக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. திடலில் பந்து விளையாடும் பிள்ளைகளுக்கும், செம்பனைக் காட்டில் குலை வெட்டும் வெளிநாட்டுத் தம்பிகளுக்கும் இதே விதிதான். அவர்களுக்கு யாரும் தொப்பியில் ஐஸ் கொட்டுவதில்லை.

கடைசியாக ஒரு சொந்தக் கோரிக்கை. குலை லாரி ஓட்டும் அண்ணன்மார் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சிலியாவ் சாலையோரம் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டு போகும். அது நான்தான். பின்னால் வந்து ஹாரன் அடிக்காதீர்கள், நெஞ்சு பதறுகிறது. கொஞ்சம் ஒதுங்கிப் போங்கள். வணக்கம்.