கையெழுத்து இங்கேதான் விழுந்தது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

'2022-இல் இலங்கையைக் கவிழ்த்தது உலக நெருக்கடியா, உள்நாட்டு முடிவுகளா?' இதுதான் இன்றைய கேள்வி. எனக்கு முன் பேசிய எதிரணித் தங்கை, கொரோனா சுற்றுலாவை முடக்கியதையும் உக்ரேன் போர் எண்ணெய் விலையை ஏற்றியதையும் சொல்லி, "உலகமே தள்ளாடும்போது ஒரு சின்னத் தீவு என்ன செய்யும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அடி விழுந்தது உண்மை, மறுக்கவில்லை.

ஆனால் கொரோனா பங்களாதேஷுக்கும் வந்தது. 2021-இல் நமக்கு 20 கோடி டொலர் கைமாற்றாகத் தந்ததே அந்த நாடுதான்! மாலைதீவு நம்மைவிடச் சுற்றுலாவை நம்பி வாழும் நாடு. 2022-இல் அது கைவிரிக்கவில்லை, நாம் விரித்தோம். 2022 ஏப்ரல் 12 அன்று, வெளிக்கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று அறிவித்தோம். மொத்த வெளிக்கடன் சுமார் 5,100 கோடி டொலர். உள்நாட்டுப் போர் நடந்த காலத்திலும், சுனாமி அடித்த பிறகும் தவணை தவறாத நாடு ஐயா இது.

எங்கே சறுக்கியது? 2019 கடைசிக்குப் போங்கள். கொரோனா என்ற பெயரே நம் காதில் விழாத நேரம். பொருள் வாங்கும் எல்லோரும் கட்டும் வற் (VAT) வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாக வெட்டினார்கள். இன்னும் சில வரிகளை அடியோடு தூக்கினார்கள். 2021-இல் அரசின் வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 வீதத்துக்கும் கீழே போய்விட்டது. கடன் கொடுக்கிறவன் முதலில் பார்ப்பது நம் வருமானத்தைத்தானே? ஒரு நாடு கடனைத் திருப்பிக் கட்டுமா என்று எடைபோடும் தர மதிப்பீட்டு நிறுவனங்கள் 2020-இலேயே நம்மைக் கீழே இறக்கின. புதுக்கடன் வாங்கிப் பழைய கடனைக் கட்டும் வழி அதோடு அடைபட்டது.

சரி, அப்போதாவது கடன்காரர்களோடு உட்கார்ந்து பேசினோமா? பொருளியலாளர்கள் தலைப்பாடாகச் சொன்னார்கள். கேட்காமல் 2022 ஜனவரி 18 அன்று 50 கோடி டொலர் முறியை, அதாவது வெளிநாட்டுக் கடன் பத்திரத்தை, முழுதாகக் கட்டினோம். மே மாதம் நிதி அமைச்சர் பாராளுமன்றத்தில் எழுந்து, கையில் எடுத்துச் செலவழிக்க 5 கோடி டொலர்கூட இல்லை என்றார். அந்த 50 கோடிக்கு எத்தனை கப்பல் டீசல், எத்தனை பெட்டி மருந்து வந்திருக்கும்!

அடுத்தது பசளை. இதை நான் படித்துச் சொல்லவில்லை, பார்த்துச் சொல்கிறேன். எங்களுக்குக் கிளிநொச்சியில் மூன்று ஏக்கர் வயல். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்தினார்கள். சேதனப் பசளை, அதாவது இயற்கை உரம், நல்லதுதான், ஆனால் அதற்கு மண்ணைப் பழக்க வருடங்கள் வேண்டாமா? நவம்பரில் தடையை எடுத்தார்கள். கடையில் யூரியா இல்லை. மார்கழியில் பயிர் முழுக்க மஞ்சள். கதிர் வந்தபின் அப்பா ஒன்றை ஒடித்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து ஊதினார். எல்லாம் பறந்துபோனது. பதர். கையில் நாலைந்து நெல்மணிதான் மிச்சம். அவர் ஒன்றும் பேசாமல் வரம்பிலே குந்திவிட்டார். முப்பது வருடமாக நெல் விற்ற மனிதர், அந்த வருடம் அரிசிக்கு வரிசையில் நின்றார்.

தங்கை, உக்ரேன் போர் தொடங்கியது 2022 பெப்ரவரி 24. எங்கள் பயிர் மஞ்சளானது அதற்கு முந்தைய மார்கழியில். எந்தப் போரின் தலையில் இதைக் கட்டுவது?

நான் சொன்னால் நம்ப வேண்டாம். 2023 நவம்பரில் நாட்டின் உயர் நீதிமன்றமே சொன்னது. முன்னாள் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, அவருடைய சகோதரர்கள் மகிந்த, பசில், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் இருவர், இன்னும் சிலர் மக்கள் வைத்த நம்பிக்கையை மீறிவிட்டார்கள் என்று நீதியரசர்கள் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தார்கள்.

8 வீதமாக வெட்டிய அந்த வற் வரி, 2024 ஜனவரி முதல் 18 வீதம். அதை வரிசையில் நின்ற எங்கள் அப்பாவும் கட்டுகிறார், நடுவர் அவர்களே. அவருக்கும் சேர்த்து உங்களிடம் தீர்ப்புக் கேட்கிறேன். வணக்கம்.