லிஃப்ட் போட்ட பிறகு ஸ்டியரிங் சொல்பேச்சு கேக்கலையா? இந்த வரிசையில பாருங்க

வணக்கம் மக்களே. லிஃப்ட் போட்ட, அதாவது சஸ்பென்ஷனை உயர்த்துன வண்டியோட ஸ்டியரிங் பத்தி இன்னைக்கு விலாவாரியா பாக்கப்போறோம். "லிஃப்ட் போட்டேன், ஸ்டியரிங் கெட்டுப்போச்சு"ன்னு பொத்தாம் பொதுவா சொல்றோம் பாருங்க, அதுக்குள்ள நாலஞ்சு வேற வேற கோளாறு இருக்கு. உங்க வண்டியில இருக்குறது எதுன்னு பிரிக்காம ஒரு புது ஸ்டியரிங் டேம்பர் (ஸ்டியரிங் அதிர்வை அமுக்குற ஷாக் அப்சார்பர்) வாங்கி மாட்டுனீங்கன்னா காசும் போகும், கோளாறும் அப்படியே இருக்கும்.

முதல்ல வண்டி என்ன பண்ணுதுன்னு கவனிங்க. நேர் ரோட்டுல போகும்போது அங்கிட்டும் இங்கிட்டும் அலையுதா, வளைவு முடிஞ்சு ஸ்டியரிங்க லூசா விட்டா தானா நடுவுக்கு வரலையா? அப்போ கேஸ்டர் குறைஞ்சிருக்கு, அது முன் வீலோட சாய்வுக் கோணம், கீழ விளக்குறேன். பள்ளத்துல இறங்கி ஏறும்போது நீங்க திருப்பாமலே ஸ்டியரிங் திரும்புதா? அது பம்ப் ஸ்டியர். வண்டி நேராத்தான் போகுது, ஸ்டியரிங் வீல் மட்டும் கோணலா நிக்குதா? அது வெறும் ஸ்டியரிங் கம்பியோட நீள அட்ஜஸ்ட்மென்ட். மணிக்கு 70, 80 கிலோமீட்டர்ல ஒரு குழியில விழுந்ததும் முன் வீல் ரெண்டும் சேர்ந்து படபடன்னு ஆடுதா, பிரேக் பிடிச்சு வேகம் குறையுற வரைக்கும் நிக்கவே மாட்டேங்குதா? அதுதான் டெத் வாபிள்.

இங்க நிக்குற வண்டியில முன்னாடி சாலிட் ஆக்சில் (ரெண்டு முன் வீலையும் சேர்க்குற ஒரே விறைப்பான ஆக்சில்), காயில் ஸ்பிரிங், 75 மில்லிமீட்டர் லிஃப்ட். ரேங்ளர், ஜிம்னி, லேண்ட் க்ரூஸர் 80 எல்லாம் இந்த ஜாதி. ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர் மாதிரி தனித்தனி முன் சஸ்பென்ஷன் இருக்குற வண்டிக்கு கடைசியில வர்றேன்.

எந்தக் கோளாறா இருந்தாலும் முதல் வேலை ஒண்ணுதான்: ஆட்டம் எங்க இருக்குன்னு பாக்குறது. பால் ஜாயின்ட்லயோ புஷ்லயோ (மூட்டுல இருக்குற ரப்பர் உறை) ஆட்டம் இருக்கும்போது அலைன்மென்ட் பண்ணாதீங்க. இன்னைக்கு வர்ற அளவு நாளைக்கு நிக்காது. வண்டி சமதளத்துல நாலு சக்கரத்துலயும் நிக்கணும், ஜாக்கியில தூக்கக் கூடாது. ஹேண்ட்பிரேக் போட்டு, பின் வீலுக்குக் கட்டை வச்சிருங்க. எஞ்சினை ஓடவிட்டு, கூட ஒருத்தரை உக்கார வச்சு, ஸ்டியரிங்க கடிகாரத்துல 10 மணியில இருந்து 2 மணி வரைக்கும் இடதும் வலதுமா நிறுத்தாம ஆட்டச் சொல்லுங்க. நீங்க கீழ இருந்து ஒவ்வொரு ஜாயின்ட்டா பாருங்க. கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். ஜாயின்ட்டுக்கு மேல ரெண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடிச்சீங்கன்னா 'டக்'குன்னு ஒரு இடி வரும். நகர்ற லிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல மட்டும் விரலை விட்றாதீங்க.

எங்க கை வைக்கணும்? இதோ, பான்ஹார்ட் ராட், சில பேர் ட்ராக் பார்னு சொல்றது, ஆக்சிலைப் பக்கவாட்டுல நகராம பிடிக்கிற கம்பி. ஒரு முனை ஃப்ரேம்ல, இன்னொரு முனை ஆக்சில்ல. ரெண்டு முனையோட போல்ட்டும் புஷ்ஷும் பாருங்க. போல்ட் தலை அசையவே கூடாது. அசைஞ்சா பிராக்கெட்டோட துளை முட்டை வடிவமாயிருக்கலாம். அந்தத் துளையில எவ்வளவு டைட் பண்ணாலும் நிக்காது. ஒண்ணு துளையை வட்டமா பெருசாக்கி அதுக்கேத்த போல்ட் போடணும், இல்லன்னா வாஷர் வெல்ட் பண்ணி துளையைத் திரும்பக் கொண்டுவரணும். அப்புறம் டிராக் லிங்க் (பிட்மேன் ஆர்ம்ல இருந்து வீலுக்குப் போற கம்பி) முனைகள், டை ராட் (ரெண்டு முன் வீலையும் சேர்க்குற கம்பி) முனைகள், பிட்மேன் ஆர்ம் (ஸ்டியரிங் பாக்ஸ்ல மாட்டியிருக்குற கை), ஸ்டியரிங் பாக்ஸை ஃப்ரேமோட பிடிச்சிருக்குற போல்ட்டுகள். பாக்ஸைச் சுத்தி பெயின்ட்ல மெல்லிசா கோடு தெரிஞ்சா ஃப்ரேம்ல விரிசலான்னு சுத்தம் பண்ணிப் பாருங்க. இதெல்லாம் முடிச்சிட்டு வீலைத் தூக்கி, மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுனா பால் ஜாயின்ட்டும் வீல் பேரிங்கும் தெரிஞ்சிரும்.

டெத் வாபிளுக்கு 'இதுதான் காரணம்'னு ஒரே பாகத்தைக் காட்ட முடியாது. எங்கயோ ஒரு ஆட்டம், அதைத் தட்டி எழுப்புற ஒரு குழி, இல்ல பேலன்ஸ் இல்லாத டயர். ரெண்டும் சேரும்போது ஆக்சில் தன்னோட இயல்பான அதிர்வுல மாட்டிக்குது. அதனாலதான் டேம்பரை மாத்துனதும் சில வாரம் நின்ன மாதிரி இருந்துட்டு திரும்ப வருது. டேம்பர் அதிர்வை அமுக்குது, அவ்வளவுதான். பழைய டேம்பரைக் கழட்டிட்டு மெதுவான வேகத்துல ஓட்டிப் பாத்தா உண்மையான நிலைமை தெரியும். ஓட்டும்போது டெத் வாபிள் வந்துட்டா ஸ்டியரிங்க இறுக்கிப் பிடிச்சு சண்டை போடாதீங்க, நேரா வச்சுக்கிட்டு ஆக்சிலரேட்டரை விட்டு சீரா வேகத்தைக் குறைச்சு ஓரம் கட்டுங்க. பெரிய ஆட்டம் ஒரு தடவை வந்திருந்தாலே எல்லா ஜாயின்ட்டையும் மறுபடி பாக்கணும். அந்த ஆட்டமே புதுசா ஒண்ணை உடைச்சிருக்கலாம்.

புஷ் போல்ட்டுகள்ல எல்லாரும் பண்ற ஒரு தப்பு இருக்கு. வண்டி ஸ்டாண்டுல தொங்கும்போதே முழுசா டைட் பண்ணிடுறாங்க. ரப்பர் புஷ் அந்த நிலையிலயே முறுக்கிப் பிடிச்சுக்கும், கீழ இறக்குனதும் எப்பவும் முறுக்கிக்கிட்டே கிடந்து சீக்கிரம் கிழியும். கையால திருப்பி விட்டு, வண்டியைத் தரையில இறக்கி, முன்பக்கத்தை நாலு தடவை அமுக்கி விட்டு, அப்புறம்தான் டார்க் ரென்ச். ரேங்ளர் ஜேகே பான்ஹார்ட் ராடுக்கு 125 அடி பவுண்டு, கிட்டத்தட்ட 170 நியூட்டன் மீட்டர். உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு சர்வீஸ் மேனுவல்ல பாத்துக்கோங்க.

ஆட்டம் எல்லாம் தீர்ந்துச்சா, இப்போ கேஸ்டர். நான் அதிக நேரம் எடுத்துக்கப்போறது இங்கதான். சைக்கிள் முன் ஃபோர்க் பின்னால சாஞ்சிருக்குறதை மனசுல வச்சுக்கோங்க. கையை விட்டாலும் சைக்கிள் நேரா போறதுக்கு அந்தச் சாய்வும் உதவுது. வண்டியிலயும் மேல் பால் ஜாயின்ட், கீழ் பால் ஜாயின்ட்டை விட பின்னாடி இருக்கும். அந்தக் கோணம்தான் கேஸ்டர். லிஃப்ட் போட்டு ஆக்சில் கீழ இறங்கும்போது, அதைப் பிடிச்சிருக்குற கை ஒரு வட்டத்துல இறங்குது, ஆக்சிலோட மேல்பக்கம் முன்னால சாயுது. ரேடியஸ் ஆர்ம் (ஒவ்வொரு பக்கமும் ஆக்சிலைப் பிடிச்சிருக்குற ஒரே கை) வண்டியில 50 மில்லிமீட்டர் லிஃப்டுக்கு 2 டிகிரியில இருந்து 3 டிகிரி வரைக்கும் போயிரும். கம்பெனியில இருந்து வரும்போதே 3, 4 டிகிரிதான் இருக்குன்னா, 75 மில்லி லிஃப்டுக்கு அப்புறம் மிச்சம் என்ன இருக்கும்? அநேகமா ஒண்ணும் இல்ல. வண்டி அலையாம என்ன பண்ணும்!

அளக்குறது கஷ்டமில்ல. காந்தம் வச்ச டிஜிட்டல் ஆங்கிள் கேஜ் ஒண்ணு போதும். முதல்ல தரை மட்டமான்னு பாத்துக்கோங்க. வீலை நேரா வச்சு, கீழ் பால் ஜாயின்ட் பக்கத்துல ஆக்சில்ல கடைஞ்ச தட்டைப் பரப்பு இருக்கும், அங்க வைங்க. பால் ஜாயின்ட்டுக்குப் பதிலா கிங்பின் இருக்குற வண்டின்னா மேல் மூடியோட தட்டைப் பரப்பு. இடது, வலது ரெண்டையும் எழுதி வைங்க. அலைன்மென்ட் கடைக்குப் போனாலும் டோ (ரெண்டு முன் வீலும் உள்ளயோ வெளியயோ திரும்பியிருக்குற அளவு) மட்டும் பாத்து அனுப்பிடுவாங்க, கேஸ்டர் அளவும் பிரின்ட்ல வேணும்னு கேட்டு வாங்குங்க. பெரிய டயர் போட்ட சாலிட் ஆக்சில் வண்டிக்கு 4லிருந்து 6 டிகிரிக்குள்ள வந்தா நல்லா ஓடும். ரெண்டு பக்கத்துக்கும் அரை டிகிரிக்கு மேல வித்தியாசம் இருந்தா, குறைவா இருக்குற பக்கமா வண்டி இழுக்கும். சாலிட் ஆக்சில்ல அந்த வித்தியாசம் வந்தா ஆக்சில் முனை வளைஞ்சிருக்கான்னு சந்தேகப்படுங்க.

திரும்பக் கொண்டுவர என்ன வழி? ரேடியஸ் ஆர்ம்னா ஆஃப்செட் புஷ் (துளை நடுவுல இல்லாம தள்ளியிருக்குற புஷ்), இல்லன்னா கேஸ்டர் பிளேட் (ஆர்ம் மாட்டுற இடத்தை மாத்துற தகடு). ஆஃப்செட் புஷ்ஷைத் திசை மாத்தி அழுத்திட்டா இருக்குற கேஸ்டரும் போயிரும், அடையாளக் கோட்டைப் பாத்து வைங்க. மேல கீழன்னு நாலு ஆர்ம் இருக்குற வண்டியில நீளம் மாத்தக்கூடிய கீழ் ஆர்ம் போட்டு ஆக்சிலோட அடிப்பக்கத்தை முன்னால தள்ளுங்க. ஆனா அளவுக்கு மீறிப் போகாதீங்க. கேஸ்டர் ஏற ஏற, டிஃபரன்ஷியலோட பினியன் மூக்கு (புரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேர்ற முனை) கீழ இறங்கும், புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட் கோணம் மோசமாகும், வேகத்துல அதிர்வு வரும். ஹப் லாக் (முன் வீலை ஆக்சில்ல இருந்து பிரிச்சு விடுற பூட்டு) இருக்குற வண்டியில, அதைப் பிரிச்சு விட்டா ரோட்டுல அந்த ஷாஃப்ட் சுத்தாது, தப்பிச்சிரலாம். ஜேகே மாதிரி எப்பவும் சுத்துற வண்டியில கேஸ்டரையும் பினியனையும் பேலன்ஸ் பண்ணித்தான் ஒரு இடத்துல நிறுத்தணும். என் கணக்கு என்னன்னா, அதிர்வு ஆரம்பிக்கிற இடத்துல இருந்து அரை டிகிரி குறைச்சு விட்ருங்க.

அடுத்து பம்ப் ஸ்டியர். இங்க பாருங்க, பான்ஹார்ட் ராடும் டிராக் லிங்கும் ஒண்ணுக்கொண்ணு இணையா சரியுது. அதுதான் வேணும். ரெண்டும் ஒரே சரிவு, கிட்டத்தட்ட ஒரே நீளம்னா ஆக்சில் மேல கீழ போகும்போது ரெண்டும் ஒரே மாதிரி நகரும், ஸ்டியரிங்குக்கு ஒண்ணும் தெரியாது. டிராக் லிங்கை மட்டும் தட்டையாக்கலாம்னு நீளமா கீழ இறங்குன பிட்மேன் ஆர்மைப் போட்டுட்டு பான்ஹார்ட் ராடை அப்படியே விட்டா, அந்த ஒழுங்கு உடையுது. ஒண்ணை இறக்குனா இன்னொண்ணையும் அதே அளவு இறக்கணும். சோதிக்க, எஞ்சினை ஓடவிட்டு ஸ்டியரிங்க யாரும் தொடாம, ஒருத்தரை முன் பம்பரை அமுக்கி விடச் சொல்லுங்க. ஸ்டியரிங் வீல் கூடவே ஆடுனா இதுதான் கோளாறு.

பான்ஹார்ட் ராட் இன்னொரு வேலையும் பண்ணும். சரிவு கூடக் கூட ஆக்சிலை ஃப்ரேம் முனை இருக்குற பக்கமா இழுக்கும். 850 மில்லி நீள ராட், முன்னாடி 80 மில்லி சரிவு இருந்துச்சுன்னு வைங்க, 75 மில்லி லிஃப்ட்ல ஆக்சில் சுமார் 10 மில்லி நகர்ந்திருக்கும். ஃப்ரேம்ல இருந்து ரெண்டு டயருக்கும் அளந்து பாருங்க, நீளம் மாத்துற ராடால நடுவுக்குக் கொண்டுவாங்க.

இந்த வரிசையை மாத்தாதீங்க: ஆக்சில் நடுவுக்கு, அப்புறம் கேஸ்டர், அப்புறம் டோ, கடைசியாத்தான் ஸ்டியரிங் வீல். டோ முன்னால உள்வாங்கி மொத்தம் 1.5லிருந்து 3 மில்லி இருக்கணும், ஆக்சில் உயரத்துல டயரோட முன்னும் பின்னும் அளந்து கழிச்சுக்கோங்க. ரேங்ளர் டிஜே, செரோக்கி எக்ஸ்ஜே மாதிரி டை ராடே டிராக் லிங்குல தொங்குற வண்டியில லிஃப்ட் போட்டாலே டோ மாறும், மறக்காதீங்க. ஸ்டியரிங் வீல் கோணலா இருந்தா டிராக் லிங்க் அட்ஜஸ்டரைத் திருப்பி நேராக்குங்க. ஸ்டியரிங் வீலைக் கழட்டி பல்லு மாத்தி மாட்டுனா பாக்ஸ் நடுவுல இருக்காது, இஎஸ்பி (சறுக்காம இருக்க தானா பிரேக் போடுற அமைப்பு) இருக்குற வண்டி நேரா போகும்போதே திரும்புறீங்கன்னு நெனச்சு ஒரு வீலுக்கு பிரேக் போடும்.

தனித்தனி சஸ்பென்ஷனுக்கு வர்றேன். இதுல பான்ஹார்ட் ராட் கிடையாது, கேஸ்டர் குறையும், டோ மாறும், கேம்பரும் (வீலோட மேல்பக்கம் உள்ளயோ வெளியயோ சாயுற கோணம்) மாறும். 50 மில்லிக்கு மேல போனா பழைய மேல் ஆர்மோட அட்ஜஸ்ட்மென்ட் பத்தாது, கேஸ்டர் கூட்டி வர்ற மேல் ஆர்ம் வேணும். டை ராட் சரிவு அதிகமாகி டோ தப்பாப் போனா டயர் ஓரம் ரம்பம் மாதிரி தேயும். டயரைக் கையால உள்ளயும் வெளியயும் தடவிப் பாத்தா டோ தப்புன்னு உடனே தெரியும்.

ஸ்டியரிங் பாக்ஸோட மேல் ஸ்க்ரூவைத் திருகி ஆட்டத்தைக் குறைக்கலாம்னு போகாதீங்க. வேற எல்லாம் சரின்னு உறுதியானதுக்கு அப்புறம்தான், அதுவும் எட்டுல ஒரு சுத்து. அதிகமா இறுக்குனா நடுவுல பிடிக்கும், கேஸ்டர் சரியா இருந்தாலும் ஸ்டியரிங் திரும்பி வராது.

வண்டியை எடுக்குறதுக்கு முன்னாடி வீலை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பி, ஆக்சிலைத் தொங்கவிட்டு பிரேக் ஹோஸ் இழுபடுதா, டயர் எங்கயாவது உரசுதான்னு பாருங்க. ஹோஸ் விறைப்பா நின்னா அந்த வண்டியை ரோட்டுக்கு எடுக்காதீங்க. எல்லாம் சரின்னா முதல்ல 40, அப்புறம் 60, அப்புறம் 80ன்னு காலி ரோட்டுல ஏத்துங்க. 100 கிலோமீட்டர் ஓடுனதும் எல்லா போல்ட்டுக்கும் திரும்ப டார்க் வைங்க, ஒவ்வொண்ணுலயும் பெயின்ட் மார்க்கரால கோடு போட்டுருங்க. அடுத்த தடவை கீழ குனிஞ்சு பாக்கும்போது கோடு விலகியிருந்தா எது லூசாகுதுன்னு ரென்ச் எடுக்காமலே தெரிஞ்சிரும்.