லொசேர்ல நிலம் தேடுறீங்களா? தபால் கோடை ஓரமா வெச்சிட்டு முதல்ல கொம்யூனைப் பிடிங்க

வணக்கம் மக்களே! வெள்ளை போர்டு, கறுப்பு மார்க்கர் ரெண்டும் ரெடி. போர்டைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், இன்னிக்கு கணக்கு வழக்குதான், மலைக் காட்சி எல்லாம் கிடையாது.

போன வீடியோல தெற்கு பிரான்ஸ்ல இருக்கிற லொசேர் மாவட்டத்துக் கல்வீடுகள் காட்டினேன்ல, அதுக்குக் கீழ ஆளாளுக்கு விளம்பர ஸ்கிரீன்ஷாட்டா அனுப்பியிருக்கீங்க. சந்தோஷம். ஆனா விளம்பரம் எழுதுறவங்க மேல எனக்கு வர்ற கோவம் இருக்கே! "48400, அமைதியான குக்கிராமம், ஓடைக்கரை, நிலத்துண்டு ஏ 57". அவ்வளவுதான். கொம்யூன், அதாவது நிலம் இருக்கிற உள்ளாட்சி ஊர், அதோட பேரு எங்க? அதை எழுதாம நிலம் விக்கிறது சர்வே நம்பர் சொல்லி ஊர் பேரை மறைக்கிற மாதிரி. நீங்களும் அதை அப்படியே எனக்கு அனுப்பி "இங்க வீடு கட்டலாமா?"ன்னு கேக்குறீங்க. 48400-ங்கிற தபால் கோடை மட்டும் வெச்சு அந்தக் கேள்விக்கு பதிலே சொல்ல முடியாது மக்களே.

ஏன்னு சொல்றேன். தபால் கோடுங்கிறது தபால் பட்டுவாடாவுக்காகப் போட்டது. 48400-ங்கிற ஒரே கோடுக்குள்ள ஃப்ளோராக் இருக்கு, லே போந்தோன் இருக்கு, வெப்ரோன், பார்-தே-செவென், பெதுவெஸ்-கோக்யூரெஸ், இன்னும் சில ஊரும் இருக்கு. ஒவ்வொண்ணும் தனி கொம்யூன். தனி மேர் (ஊர்த் தலைவர்), தனி கவுன்சில், தனி மெரி (ஊர் அலுவலகம்). கட்டட விதியும் கொம்யூனுக்குக் கொம்யூன் மாறலாம். அதனால நீங்க பிடிக்க வேண்டியது இன்ஸே கோடு, அதாவது பிரான்ஸ் புள்ளிவிவர நிறுவனம் ஒவ்வொரு கொம்யூனுக்கும் குடுக்கிற எண். அதுவும் 5 இலக்கம்தான், அதான் குழப்பமே. முதல் ரெண்டு எண் தெபார்த்மோன், அதாவது மாவட்டம், அடுத்த மூணு எண் கொம்யூன். இங்க பாருங்க, போர்டுல எழுதுறேன். மோந்த் நகரம்: தபால் கோடு 48000, இன்ஸே கோடு 48095. ஃப்ளோராக்: தபால் கோடு 48400, இன்ஸே 48061. ரெண்டும் 48-ல ஆரம்பிக்கிறதால ஒண்ணுன்னு நெனச்சு ஃபார்ம்ல மாத்திப் போட்டா, வேற ஊர் வந்து நிக்கும். இல்லன்னா அப்படி ஒரு ஊரே இல்லன்னு சிவப்புல காட்டும். கோர்சிகா தீவுல தேடுறவங்களுக்கு ஒண்ணு: அங்க இன்ஸே கோடு 2ஏ, 2பி-ன்னு தொடங்கும், தபால் கோடு மட்டும் 20-ல தொடங்கும்.

பிரான்ஸோட நிர்வாக அடுக்கு என்னன்னு வேகமா சொல்லிடறேன். மேல ரெஜியோன் (மாநிலம் மாதிரி), 2016 ஜனவரில இருந்து மொத்தம் 18. அதுக்குக் கீழ தெபார்த்மோன், 101. முதல்ல 1790-ல வகுத்தப்போ 83. தெபார்த்மோனுக்குள்ள அரோந்திஸ்மோன், அதாவது உட்கோட்டம். லொசேருக்கு ரெண்டு, மோந்த், ஃப்ளோராக். அரசுப் பிரதிநிதியான பிரெஃபே மோந்துல, துணை பிரெஃபே ஃப்ளோராக்ல. அப்புறம் கந்தோன், அதாவது தேர்தல் தொகுதி. இதைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது. 2015-ல எல்லைக் கோடெல்லாம் மாத்தி வரைஞ்சு எண்ணிக்கையைப் பாதி அளவுக்குக் குறைச்சாங்க. லொசேர்ல 25 இருந்தது 13 ஆச்சு. இப்போ ஒவ்வொரு கந்தோன்லயும் ஒரு ஆண், ஒரு பெண்ணுன்னு ஜோடியா தெபார்த்மோன் கவுன்சிலுக்குத் தேர்ந்தெடுக்குறாங்க, அதோட கந்தோன் வேலை முடிஞ்சது. நிலம் வாங்க வர்றவங்களுக்கு அதால ஒரு பிரயோசனமும் இல்லை. பழைய பத்திரத்துல பழைய கந்தோன் பேரு இருக்கும், கண்டுக்காதீங்க.

கொம்யூன்தான் எல்லாத்துக்கும் அடித்தளம். பாண்டி, காரைக்கால் பக்கம் இருந்து பாக்குறவங்களுக்கு இது புதுசு கிடையாது. பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம் எல்லாம் இன்னிக்கும் கொம்யூன் பஞ்சாயத்துதானே, 1880-ல பிரெஞ்சு அரசு ஆணை போட்டு அங்க கொண்டுபோன அமைப்பு அது. ஆனா பிரான்ஸ்ல அளவு ரொம்பச் சின்னது. நாட்டுல சுமார் 35,000 கொம்யூன் இருக்கு, பாதிக்கு மேல 500 பேருக்கும் குறைவான ஊரு. அந்தச் சின்ன ஊருக்கும் பெரிய நகரத்துக்கும் சட்டத்துல ஒரே அந்தஸ்து. வெர்தன் பக்கம் முதல் உலகப் போர்ல தரைமட்டமான ஆறு கிராமத்துல ஆளே கிடையாது, ஆனா அதையும் கொம்யூனா வெச்சிருக்காங்க. பிரெஃபே நியமிக்கிற மூணு பேர் குழு அதைப் பாத்துக்குது. அந்த முடிவு எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

சரி, இன்னிக்கு இந்த வீடியோவே எதுக்காகன்னா இதுக்குத்தான்: கொம்யூன் நூவெல், அதாவது பழைய கொம்யூன்கள் சேர்ந்து உருவான புது கொம்யூன். 2010 டிசம்பர்ல சட்டம் வந்தது, 2015-ல இன்னொரு சட்டம் ஊக்கம் குடுத்தது, அதுக்கப்புறம் மளமளன்னு சேர்ந்தாங்க. நார்மண்டில லிவாரோ-பேயி-தோஜ்னு ஒண்ணு, 2016 ஜனவரி 1-ல 22 கொம்யூன் ஒண்ணாச்சு. நம்ம லொசேர்ல அதே நாள்ல ஃப்ளோராக்கும் லா சால்-ப்ரூனேயும் சேர்ந்து ஃப்ளோராக் த்ருவா ரிவியேர் ஆச்சு. போன் த மோன்வேர், ஃப்ரேசினே-த-லொசேர், சென்-மோரிஸ்-த-வோந்தாலோன் மூணும் சேர்ந்து "போன் த மோன்வேர் - சூத் மோன் லொசேர்". இவ்வளவு நீளப் பேரை எந்த ஃபார்ம் கட்டத்துல அடக்குறது? எனக்கு இந்த நீளப் பேர் சுத்தமா பிடிக்கல. ஃப்ரேசினேன்னு ஒரு வார்த்தைல முடிஞ்ச ஊரு அது.

இப்போ கவனிங்க. ரெண்டு பழைய கொம்யூன்லயும் நிலத்துண்டு எண் தனித்தனியா ஏ 1, ஏ 2-ன்னு தொடங்கியிருக்கும். ஒண்ணா சேர்ந்ததும் ஏ 57 ரெண்டு இடத்துல வந்துடுது, மூணு பழைய கொம்யூன்னா மூணு ஏ 57. இதைப் பிரிக்க கடாஸ்தர்ல, அதாவது நிலவரைபடப் பதிவேட்டுல, முன்னால மூணு இலக்கம் சேர்ப்பாங்க. அந்த மூணு இலக்கம் பழைய கொம்யூனோட இன்ஸே எண்ணுல கடைசி மூணு. சேராத ஊருன்னா பொதுவா 000. முழு அடையாளம் 14 எழுத்து. எழுதுறேன் பாருங்க: கொம்யூன் 5, முன்னெண் 3, பிரிவு (ஏ 57-ல வர்ற ஏ) 2, துண்டு எண் 4. பழைய கொம்யூனோட கடைசி மூணு எண் 123-ன்னு உதாரணத்துக்கு வெச்சுக்கிட்டா, 48061, அப்புறம் 123, அப்புறம் 0ஏ, அப்புறம் 0057. ஒத்தை எழுத்துப் பிரிவுன்னா முன்னால சைபர், துண்டு எண்ணையும் நாலு இலக்கமா நிரப்பணும்.

அரசு கடாஸ்தர் தளத்துல தேடுற பக்கத்துல முன்னெண்ணுக்குன்னே சின்னதா ஒரு கட்டம் இருக்கு. பெரும்பாலானவங்க அதைக் காலியா விட்டுட்டு பிரிவும் எண்ணும் மட்டும் போடுறாங்க. அப்படிப் போட்டா மலைச்சரிவுல இருக்கிற துண்டைத் தேடினவங்களுக்கு ஆத்தோரத் துண்டு வந்து நிக்கலாம். படம் அழகா இருக்கும், ஆனா நீங்க வாங்கப்போறது அது இல்ல! அந்த மூணு இலக்கக் கட்டத்தைக் கண்டுபிடிச்சதும் இந்த வாரம் எனக்கு வேற எதுவும் ஓடல. விக்கிறவர்கிட்ட, இல்ல பத்திரம் எழுதிப் பதியற நொத்தேர்கிட்ட, "முன்னெண்ணோட முழு எண்ணும் குடுங்க"ன்னு கேளுங்க. குடுக்கத் தயங்கினா அந்த விளம்பரத்தை விட்டுடுங்க.

ஆங், ஒண்ணு விட்டுட்டேன். சேர்ந்த பிறகும் பழைய ஊர் சாதாரணமா "கொம்யூன் தெலெகே"ன்னு நீடிக்கும். அதுக்கு ஒரு துணை மேர், ஒரு கிளை மெரி. கடிதம் எழுதும்போது பழைய கொம்யூன் பேரைத் தெரு வரிக்கு அடுத்த வரில போடுங்க, கடைசி வரில தபால் கோடும் புது கொம்யூன் பேரும். பழைய பேரை விட்டீங்கன்னா ஒரே கொம்யூனுக்குள்ள மூணு "சர்ச் தெரு" இருக்கிற இடத்துல கடிதம் சுத்திக்கிட்டே இருக்கும். அதனாலதான் சேர்ந்த ஊர்கள்ல தெருப் பேர் மாத்துற வேலை நடக்குது. 2022 பிப்ரவரில வந்த சட்டத்துக்கு அப்புறம் 2,000 பேருக்குக் குறைவான கொம்யூனும் எல்லா வழிக்கும் பேர் வெச்சு, வீடுகளுக்கு எண் குடுத்தாகணும்.

அந்த எண்ணைப் பார்த்துப் பயப்படாதீங்க. குக்கிராமத்துல ஒரே ரோட்டுல 12-க்கு அடுத்த வீடு 345-ன்னு இருக்கும். நடுவுல வீடு காணாமப் போகல. மீட்டர் கணக்கு அது: ரோட்டோட ஆரம்பத்துல இருந்து 345 மீட்டர். போற திசைல வலப்பக்கம் இரட்டை எண், இடப்பக்கம் ஒற்றை எண். நடுவுல புதுசா வீடு கட்டினாலும் எண் கிடைக்கும், ஆம்புலன்ஸ்காரருக்கும் எவ்வளவு தூரம்னு தெரிஞ்சிடும். எவ்வளவு தெளிவான யோசனை! முதல் முறை எண் குடுக்கிற செலவு கொம்யூனோடது, அப்புறம் பலகையைப் பராமரிக்கிறது வீட்டுக்காரர் பொறுப்பு. மெரில "முகவரிச் சான்று" கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க, மின்சாரம் இன்டர்நெட் இணைப்புக்கு அதைத்தான் கேப்பாங்க.

ஊர்ப் பலகையையும் சொல்லிடறேன். வெள்ளைப் பலகை, சிவப்பு விளிம்பு, கறுப்பு எழுத்து: அங்க குடியிருப்புப் பகுதி தொடங்குது, வேறெதுவும் எழுதலன்னா வேகம் 50. அது கொம்யூன் எல்லை இல்லை, எல்லை இன்னும் பின்னால வயல்வெளிலயே ஆரம்பிச்சிருக்கும். கறுப்புப் பலகைல வெள்ளைச் சாய்வெழுத்து இருந்தா அது வெறும் லியூ-தி, ஒரு இடப்பேரு. அதுக்கு 50 வேக விதி தானா வராது. விளம்பரத்துல போடுற "குக்கிராமம்" பெரும்பாலும் இந்தக் கறுப்புப் பலகை ஊருதான், அதுக்குன்னு தனி மேரும் கிடையாது, கவுன்சிலும் கிடையாது.

ஆனா சில குக்கிராமத்துக்குச் சொத்து உண்டு! இதை நல்லா கேளுங்க. செக்சியோன் த கொம்யூன்: கொம்யூனோட ஒரு பகுதி, தனக்குன்னு காடோ மேய்ச்சலோ வெச்சிருக்கும். லொசேர், ஓவெர்ஞ் மாதிரி மாசிஃப் சோந்த்ரால்ங்கிற மலைப்பகுதி பக்கம் இது ஏராளம். அந்தப் பகுதில நிஜமா, நிரந்தரமா குடியிருக்கிறவங்கதான் அதோட உறுப்பினர். அதனால கோடைக்கு மட்டும் வந்து போறவங்களுக்கு அடுப்பு விறகுல பங்கு கிடையாது. குடியிருக்கிறவங்களுக்கும் விறகு மாதிரி பொருளாத்தான் கிடைக்கும், பணமா பிரிச்சுக் குடுக்கிறதை 2013 சட்டம் தடுத்துடுச்சு. வீட்டை ஒட்டின புல்வெளி அழகா இருக்குன்னு வேலி போட்டுடாதீங்க, அது செக்சியோன் நிலமா இருக்கலாம். அதை விக்கணும்னா அந்தப் பகுதி வாக்காளர்களைக் கேட்டாகணும். இணைய வரைபடத்துல உரிமையாளர் பேர் தெரியாது. மெரில எழுதிக் கேளுங்க, வாரத்துக்கு 5, மாசத்துக்கு 10 கோரிக்கை வரைக்கும் அனுமதி.

இவ்வளவும் பிடிச்சாச்சுன்னா அடுத்து செர்திஃபிகா த்யூர்பனிஸ்ம், அதாவது அந்த நிலத்துக்கான கட்டட விதிச் சான்று, 13410 ஃபார்ம். இலவசம். நிலம் இருக்கிற கொம்யூனோட மெரில குடுக்கணும். ரெண்டு வகை இருக்கு, சும்மா விதிகளைச் சொல்றது ஒரு மாசத்துல வரும், "இந்தக் கட்டடம் இங்க கட்ட முடியுமா"ன்னு கேக்குறதுக்கு ரெண்டு மாசம். ரெண்டாவதைக் கேளுங்க, நிலம் வாங்க அதுதான் உதவும். கையில கிடைச்சதும் 18 மாசம் செல்லும். லொசேர் மாதிரி மலைப்பகுதில 1985 மலைச் சட்டமும் பாக்கணும், புதுசா கட்டுற வீடு, ஏற்கெனவே இருக்கிற ஊரையோ குக்கிராமத்தையோ ஒட்டித்தான் வரணும். தனியா நிக்கிற துண்டை ஆசையா காட்டினா அங்கதான் மாட்டிப்பீங்க.

செப்டிக் டேங்க் உள்ள வீடுன்னா மூணு வருஷத்துக்குள்ள எடுத்த சோதனை அறிக்கை கேளுங்க. விதிப்படி இல்லன்னு அதுல இருந்தா, வாங்கினவங்க ஒரு வருஷத்துக்குள்ள சரிபண்ணணும். அந்தச் சோதனை பெரும்பாலும் பல கொம்யூன் சேர்ந்து நடத்துற கூட்டமைப்பான கொம்யூனோத்தே கையில இருக்கும், மெரில போய் நிக்காதீங்க.

மெரிக்குப் போறதுன்னா நேரம் பாத்துப் போங்க. சின்ன ஊர்ல வாரத்துல ரெண்டு அரைநாள்தான் திறப்பாங்க. ஒரே செயலாளர் மூணு கொம்யூன் பாப்பாங்க. மேரை விட அவங்கதான் உங்க ஃபைலை அறிஞ்சவங்க, முதல்ல அவங்ககிட்ட பேசுங்க. இன்னொண்ணு, 2026 மார்ச்ல இருந்து 1,000 பேருக்குக் குறைவான கொம்யூன்லயும் ஆண் பெண் மாறி மாறி வர்ற பட்டியலுக்குத்தான் ஓட்டு, முன்ன மாதிரி ஓட்டுச் சீட்டுல பேரை அடிச்சு எழுத முடியாது. மேரும் மாறியிருக்கலாம், அதனால பழைய மேர் வாயால சொன்ன சம்மதத்தை நம்பி முன்பணம் குடுத்துடாதீங்க, எல்லாத்தையும் எழுத்துல வாங்குங்க.

அடுத்த வீடியோல 13410 ஃபார்மைக் கட்டம் கட்டமா நிரப்பிக் காட்டுறேன். கடாஸ்தர் படத்தை அச்செடுத்து வெச்சுக்கோங்க.