கனகபுரா சாலையில் காவிரி வரை

நேயர்களுக்கு வணக்கம். பெங்களூரில் வாழும் நம்மில் பலருக்குக் காவிரி என்பது வீட்டுக் குழாயில் வரும் நீர். அது ஓடுகின்ற பள்ளத்தாக்கை அறிந்துகொள்ளச் சைக்கிளை விடச் சிறந்த வாகனம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அல்சூரிலிருந்து கனகபுரா சாலை வழியாக, அர்க்காவதி ஆறு காவிரியில் கலக்கும் இடமான சங்கமம் வரை ஏறக்குறைய 95 கிலோமீட்டர். விடியும் முன் புறப்பட்டால் ஒரே நாளில் போய்த் திரும்பலாம்.

நம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆறோ வெகு கீழே ஓடுகிறது. 1974 முதல் நமக்கு வந்துகொண்டிருக்கும் காவிரி நீர், தொரெகாடனஹள்ளியில் சுத்திகரிக்கப்பட்டு, ஹாரோஹள்ளியிலும் தாதகுணியிலும் மறுபடி மறுபடி உந்தப்பட்டு, ஏறத்தாழ 500 மீட்டர் மேலேறி நகரை அடைகிறது. காரில் போகிறவருக்கு இது வெறும் எண். அதே சாலையில் மிதித்துத் திரும்புகிறவருக்கோ ஒரு குடம் தண்ணீருக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்பது தொடையிலேயே தெரிந்துவிடும்.

கனகபுராவில் தட்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, மல்பெரித் தோட்டங்களைத் தாண்டி, தொட்ட ஆலஹள்ளிக்கு அப்பால் போனால் காடு தொடங்குகிறது. 1987-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வனவிலங்குச் சரணாலயம் இது. வளைந்து வளைந்து இறங்கும் இந்தச் சாலையில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே போகாமல், வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்குகளையும் அளவாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவில் கையைத் தளர்த்த வேண்டும்.

கீழே, நந்தி மலையில் பிறந்த அர்க்காவதி காவிரியில் கலக்கிறது. கரையில் நீர்மருத மரங்கள் ஓங்கி நிற்கின்றன. பொறுமையாக அண்ணாந்து பார்த்தால் அவற்றின் கிளைகளில் அரிதான நரை அணிலையும் காணலாம். இவ்வளவு அழகான இடத்தில் நின்று ஒன்றைச் சொல்லாமலிருக்க எனக்கு மனம் வரவில்லை. பெங்களூரின் மேற்குப் பகுதிக் கழிவுநீரைச் சுமந்துவரும் விருஷபாவதி, கனகபுராவுக்கு அருகே அர்க்காவதியில் சேர்கிறது. ஆகவே, நாம் மேலேற்றிக் குடித்த காவிரியின் ஒரு பங்கு அழுக்காகி, நாம் மிதித்து வந்த திசையிலேயே கீழிறங்கி, இந்தச் சங்கமத்தில் மறுபடியும் காவிரிக்குள் போகிறது. அங்கிருந்து ஒகேனக்கல், மேட்டூர் என்று நம் உறவினர்கள் வாழும் ஊர்களுக்குப் பாய்கிறது. கழிவுநீரை முழுமையாகச் சுத்திகரித்து அனுப்புவது, கீழே இருப்பவர்களுக்கு இந்த நகரம் பட்டிருக்கும் கடன்.

சங்கமத்திலிருந்து சுமார் 4 கிலோமீட்டர் கீழே, மேக்கேதாட்டில், அகன்று வந்த ஆறு பாறைகளுக்கிடையே ஓர் இடுக்காகச் சுருங்கிப் பாய்கிறது. அங்கே நீரில் இறங்கவே கூடாது. மேலே அமைதியாகத் தோன்றினாலும் அடியில் இழுக்கும் சுழல்கள் பலரைப் பலிகொண்டிருக்கின்றன.

திரும்பும் ஏற்றம்தான் அன்றைய நாளின் உண்மையான வேலை. இறங்கும்போது கிடைத்த உற்சாகத்தில் வலுவைச் செலவிட்டுவிடாமல், ஏற்றத்தில் சிறிய கியருக்கு மாறி, கால்கள் சீராகச் சுழலும்படி மிதித்து, தாகம் எடுக்கும் முன்பே உப்புக் கலந்த நீரைப் பருகிவர வேண்டும். மழைக்காலம் முடிந்த நவம்பர் முதல் ஜனவரி வரை இப்பயணத்துக்கு ஏற்ற காலம். இருட்டிய பிறகு அது யானைகள் நடமாடும் வழி. ஆகவே நண்பகலுக்குள் சங்கமத்தை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.