சவர்க்காரக் கட்டிக்குள் ஓர் அறுகோணி

வணக்கம் மக்களே. கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில்தான் இருக்கிறேன். பின்னால் இரைவது கடல், முன்னால் இருப்பது உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரம். அம்மா சந்தைக்குப் போயிருக்கிறா, அவ வருவதற்குள் முடிக்க வேண்டும்.

கட்டியைச் சீவிச் சீவி 4 சென்ரிமீற்றர் சதுரமுகியாக்கிவிட்டேன். 6 முகம், 12 விளிம்பு, 8 உச்சி, அதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். வெட்டுமுகம் ஒழுங்கான அறுகோணியாக வரும்படி இதை ஒரே வெட்டில் பிளக்கலாமா? முகமெல்லாம் சதுரம், வெட்டினாலும் சதுரம்தானே வரும் என்கிறான் தம்பி.

சரி, பாருங்கள். இந்த உச்சியில் ஒரு சிவப்புப் புள்ளி. நட்ட நடுவால் ஊடுருவிப் போனால் வருகிற எதிர் உச்சியில் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் 3 விளிம்பு சேர்கிறது, ஆக 6 போயிற்று. மிச்சம் 6 விளிம்பும் அந்தப் புள்ளிகளைத் தொடாமல் நெளிந்து நெளிந்து இடுப்பைச் சுற்றி ஓடுகின்றன. அவற்றின் நடுப்புள்ளிகளை அடையாளமிட்டு, அவற்றின் வழியே வெட்டுகிறேன். கத்தி வேண்டாம், உதிரும். நேற்று ஒரு கட்டி அப்படித்தான் போனது. தங்கூசிதான், அதுதான் மீன்பிடிக்கிற நைலோன் நூல், நல்லது.

ஆ... வந்துவிட்டது! அடிமட்டம் வைத்தால் ஒவ்வொரு பக்கமும் 2.8 சென்ரிமீற்றர். ஏன் என்றால், ஒவ்வொரு முகத்திலும் வெட்டு ஒரு மூலையை 2க்கு 2 செங்கோண முக்கோணியாக நறுக்குகிறது. அதன் செம்பக்கம், அதாவது நீண்ட பக்கம், 8இன் வர்க்கமூலம். ஒரு முகத்தில் ஒரு கோடுதான் விழும், முகமோ 6. அதனால் எந்தச் சாய்வில் வெட்டினாலும் எழுகோணி வராது தம்பி, ஆசைப்படாதே.

இன்னொன்று, முகத்தின் பரப்பளவு 16, இந்த வெட்டுமுகம் 20.8 சதுர சென்ரிமீற்றருக்குக் கிட்ட. உள்ளே வெளியைவிடப் பெரிசு!

17ஆம் நூற்றாண்டில் ரூபர்ட் என்ற இளவரசர் இப்படி ஒரு பந்தயம் கட்டினாராம்: ஒரு சதுரமுகியில் துளையிட்டு, அதே அளவுள்ள இன்னொன்றை அதற்குள்ளால் நுழைக்கலாம் என்று. நுழையும். மூலையைக் கண்ணுக்கு நேரே பிடித்தால் கட்டி அறுகோணியாகத் தெரிகிறது அல்லவா, அதற்குள் முகத்தைவிடச் சற்றுப் பெரிய சதுரம் அடங்கும். பிறகு நியூலாண்ட் என்பவர் சாய்வைக் கொஞ்சம் மாற்றி 1.06 மடங்குவரை கொண்டுபோனார். அதாவது இந்தக் கட்டிக்குள்ளால் 4.2 சென்ரிமீற்றர் கட்டி போகும். சவர்க்காரத்தில் செய்ய எனக்குத் துணிவில்லை, சில இடங்களில் சுவர் கடதாசிபோல மெலிந்துவிடும்.

கேற் சத்தம் கேட்கிறது. அம்மாதான். இரண்டு துண்டும் சரிபாதி, தோய்க்க ஆகும் என்று சொல்லிப் பார்க்கிறேன்.